எது வெள்ளை, எது சிவப்பு

மல்லிகைப் பூவை அழுத்திக் காயவைத்துத் தர முடியுமா என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் சுர்ரென்று வரும். கேட்பவர்கள் பெரும்பாலும் புதுக் கல்யாணப் பெண்கள். முகூர்த்தத்தன்று தலையில் வைத்த சரத்தை பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்து, அது கவருக்குள்ளேயே புழுங்கி வெந்த பிறகு என்னிடம் எடுத்து வருவார்கள். மல்லிகையை எப்படி அழுத்தினாலும் டீத்தூள் நிறத்துக்குப் போய்விடும். ஃபிரேம் போட்டு மாட்டினால் பார்க்கிறவர்கள் ஏதோ பூச்சி என்று நினைப்பார்கள். இதைச் சொன்னால், "செஞ்சு குடுக்க இஷ்டமில்லேன்னு சொல்லுங்கக்கா" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். வெள்ளைப் பூக்கள் பெரும்பாலும் இப்படித்தான் காலை வாரும். நான் இதைச் சிதம்பரத்தில் படிக்கும்போது தெரிந்துகொண்டேன். எங்கள் வீட்டில் மற்றவர்கள் ஒரு அம்மன் கோயில் வாசலில் தெரிந்துகொண்டார்கள்.

2004-ல் சிதம்பரத்தில் தாவரவியல் படிக்கச் சேர்ந்தேன். செடிகளைப் பறித்து, இரண்டு பலகைக்கு நடுவே செய்தித்தாளில் வைத்து இறுக்கி, காய்ந்ததும் அட்டையில் ஒட்டிப் பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும். கூடப் படித்தவர்கள் மதிப்பெண்ணுக்காகச் செய்து கடாசிவிட்டுப் போனார்கள். எனக்குப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. தினமும் கடலூர் முதுநகரிலிருந்து பஸ்ஸில் போய் வருவேன். வழியில் எந்த நிறுத்தத்தில் பஸ் நின்றாலும் கண் வேலியோரம்தான் போகும். ஆசாரியிடம் சொல்லி ஒட்டுப்பலகையில் ஒரு அழுத்துப்பெட்டி செய்துகொண்டேன். நான்கு மூலையிலும் போல்ட், கையாலேயே திருகுகிற நட்டு.

படிப்பு முடிந்தபின் அதையே தொழிலாக்கிக்கொண்டேன். வாழ்த்து அட்டை, புத்தகத்தில் வைக்கிற அடையாள அட்டை, கண்ணாடிக்குள் பூ வைத்த சுவர்க் கடிகாரம், மேஜைக் கண்ணாடிக்கு அடியில் பரப்ப இலையும் பூவும் என்று கேட்டதையெல்லாம் செய்தேன். செல்போன் கவர் பிரபலமானபோது, போனின் முதுகுக்கும் கவருக்கும் நடுவில் ஒற்றை அவரைப் பூவை வைத்துக் கொடுத்தேன். காலேஜ் பெண்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். தண்ணீர் கலந்த ஃபெவிகாலை மெல்லிய பிரஷ்ஷால் தொட்டு இதழுக்கு அடியில் மட்டும் தடவ வேண்டும். மேலே நிறமில்லாத நகப்பூச்சு ஒரு கை. லாமினேஷன் செய்கிறேன் பேர்வழி என்று அரைகுறையாய்க் காய்ந்த பூவை மெஷினுக்குள் விட்டால் கறுத்துப்போகும். அப்படி ஒரு முறை விட்டு, கட்டுக் கட்டாய்க் குப்பையில் போட்டிருக்கிறேன்.

எங்கள் ஊர்க் காற்றில் உப்பும் ஈரமும் ஜாஸ்தி. காய்ந்த பூ மறுபடியும் ஈரத்தைக் குடித்துவிடும். செருப்புக்கடை டப்பாக்களில் தின்னக்கூடாது என்று எழுதிய சின்னப் பொட்டலம் கிடக்குமே, அதைக் கடை கடையாய் வாங்கி வந்து பிஸ்கட் டின்னுக்குள் பூக்களோடு போட்டு வைப்பேன். கடைக்காரர்கள் என்னைப் பார்த்ததும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

வீட்டில் இதை யாரும் தொழில் என்று ஒத்துக்கொள்ளவில்லை. அம்மாவுக்கு இது பாவம். குளிக்காமல் பூவைத் தொடமாட்டாள். சாமிக்குப் போகிற பூவை மோந்து பார்த்துவிட்டால் அதைத் தனியே எடுத்து வைத்துவிடுவாள். "ஆத்தாவுக்குச் சாத்துற பூவ புஸ்தகத்துக்குள்ள போட்டு நசுக்குறியே, வெளங்குமாடி?" என்பாள். பொய் சொன்னால் நாக்கு அழுகும், சாமி பேரில் பொய் சொன்னால் வம்சமே அழுகும் என்று சொல்லிச் சொல்லித்தான் எங்களை வளர்த்தாள். எனக்கும் தங்கச்சிக்கும் ரொம்ப நாள் வரை நாக்கை நீட்டிக் கண்ணாடியில் பார்க்கிற பழக்கம் இருந்தது.

அப்பா பஸ்களில் டிக்கெட் பரிசோதகர். டிக்கெட் எடுக்காதவனை அவன் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்புகிற விதத்திலேயே பிடித்துவிடுவார். நடு வழியில் இறக்கிவிடுவதில் தயவுதாட்சண்யமே கிடையாது. சொந்தக்காரர் ஒருவரையே ஆலப்பாக்கத்தில் இறக்கிவிட்டுவிட்டு, ராத்திரி அவர் வீட்டு விசேஷத்துக்கு மொய்யோடு போன மனிதர். ஆனால் என் பூக்களில் ஒரு விஷயம் மட்டும் அவரை மயக்கியது.

ஒரு கோடையில் டியூட்டி முடிந்து வந்து எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டிருந்தார். மேஜையில் நான் காயவைத்த செம்பருத்தி இருந்தது. சிவப்பெல்லாம் செத்து, கத்தரிக்காய்த் தோல் மாதிரி கறுத்துப்போயிருந்தது. சாறு ஒரு சொட்டு அதன்மேல் தெறித்தது. பட்ட இடம் மெல்ல மெல்ல ரோஸ் நிறமானது. "ஏய், என்னாம்மா இது?" என்று எழுந்தே விட்டார். சிவப்புப் பூவின் சாயம் புளிப்புப் பட்டால் திரும்பும், வெள்ளைப் பூவில் அந்தச் சாயமே கிடையாது, அதனால் அதில் எவ்வளவு பிழிந்தாலும் ஒன்றும் வராது என்று விளக்கினேன். அன்றிலிருந்து நானும் சிவப்புப் பூக்களுக்கு அழுத்துவதற்கு முன்பே எலுமிச்சைச் சாறு தொட்டு வைக்க ஆரம்பித்தேன், நிறம் நின்றது. அப்பா பக்கத்து வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு, "எம்பொண்ணு செத்த பூவுக்கு உயிர் குடுப்பா" என்று செய்து காட்டச் சொல்வார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமையே பின்னால் எங்கள் கழுத்தைப் பிடிக்கும் என்று தெரியாது.

தங்கச்சி சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தாள். 2011-ல் ஒரு நாள் சாயங்காலம், அவள் வந்துகொண்டிருந்த பஸ்ஸில் பரங்கிப்பேட்டைக்குப் பிரிகிற முனையில் அப்பா ஏறினார். அவளுக்குப் பக்கத்து சீட்டில் ஒரு பையன். அதே பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அப்பா கையை நீட்ட, இரண்டு டிக்கெட்டையும் அவன்தான் எடுத்து நீட்டினான். அப்பா வாங்கிப் பார்த்தார், ஓரத்தைக் கிழித்துத் திருப்பிக் கொடுத்தார், அடுத்த நிறுத்தத்தில் இறங்கிக்கொண்டார்.  டிக்கெட் சரியாக இருந்ததுதான் அவருக்கு ரொம்ப எரிச்சலாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் தங்கச்சி மறைக்கவில்லை. "அவரத்தான்ப்பா கட்டிக்கப் போறேன்" என்றாள். பையன் வீட்டார் கிறிஸ்தவர்கள், ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்கள். அப்பா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார். காடாம்புலியூர்ப் பக்கம் எங்களுக்கு முந்திரித் தோப்பு உண்டு, பெரியப்பா, சித்தப்பா எல்லாரும் அங்கேதான். அவர்கள் முகத்தில் எப்படி முழிப்பது என்பதுதான் அவர் கேட்ட ஒரே கேள்வி. அதற்குள் அண்ணாகிராமத்திலிருந்து மாமா ஒருவர் வேறு ஒரு ஜாதகத்தைக் கொண்டுவந்து, தை பிறந்ததும் பதில் சொல்லச் சொல்லிவிட்டுப் போனார். தங்கச்சி யாரிடமும் சண்டை போடவில்லை. சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்துக்கொண்டாள். கன்னம் ஒட்டிப்போனது. பக்கத்தில் படுத்திருக்கும் எனக்குத்தான் அவள் தூங்காதது தெரியும்.

மார்கழியில் அப்பா முடிவாகச் சொன்னார்: "ஆத்தாகிட்ட பூ கேப்போம். ஆத்தா சரின்னா நானும் சரி, அந்தப் பையனையே கட்டிக்க. இல்லேன்னா அண்ணாகிராமம். அதுக்கப்புறம் மூச்சு விடக் கூடாது."

எங்கள் பக்கத்தில் முடிவெடுக்க முடியாத விஷயத்துக்கெல்லாம் இப்படிப் பூ கேட்பது வழக்கம். ஒரே மாதிரித் தாளில் இரண்டு பொட்டலம், ஒன்றில் வெள்ளைப் பூ, மற்றதில் சிவப்புப் பூ. சாமி காலடியில் போட்டுக் குலுக்கி, விஷயம் தெரியாத யாரையாவது ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்காமல் கிணற்றில் போட்டுவிட வேண்டும். எங்கள் குடும்பத்தில் இன்னொரு கட்டுப்பாடும் உண்டு, பூ கடையில் வாங்கியதாக இருக்கக்கூடாது. சொந்த வீட்டுச் செடியில் பூத்ததாக இருக்க வேண்டும். எங்கள் வாசலில் வெள்ளை அரளி ஒன்றும் சிவப்பு அரளி ஒன்றும் இதற்கென்றே நிற்பதுபோல நின்றன.

தங்கச்சி ஒத்துக்கொள்ளமாட்டாள் என்றுதான் நினைத்தேன். படித்த பெண், ஒரு பொட்டலத்தை நம்பித் தலையைக் கொடுப்பாளா? அம்மா அவளைச் சமையல்கட்டுக்குள் கூட்டிக்கொண்டு போய் ஏதோ பேசினாள். வெளியே வந்த தங்கச்சி, "சரிப்பா" என்றாள். எனக்கு அவள்மேல் கோபமான கோபம்.

வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவதாக ஏற்பாடு. வியாழக்கிழமை மதியத்திலிருந்து டிவியில் புயல், புயல் என்று அலறினார்கள். சாயங்காலம் காற்று சுழற்றத் தொடங்கியதும் நான் வாசலுக்கு ஓடினேன். எப்படியும் உதிரப்போகிற பூக்கள்தானே என்று இரண்டு அரளியிலும் இருந்ததையெல்லாம் பறித்துக்கொண்டு வந்தேன். தட்டையாகப் படியவேண்டும் என்பதற்காக அரளிப் பூவின் அடிக்குழலையும் அதைத் தாங்குகிற புல்லியையும் பிளேடால் நறுக்கிவிட்டு முகத்தை மட்டும் வைப்பது என் வழக்கம். அப்படியே செய்தேன். எலுமிச்சம்பழம் வீட்டில் இல்லை, கடையும் இல்லை. வெள்ளையை மேல் தாள்களிலும் சிவப்பைக் கீழ்த் தாள்களிலும் வைத்து நட்டை முடுக்கினேன்.

விடியற்காலையில் புயல் ஊருக்குள் ஏறியது. அந்தச் சத்தத்தை நான் விவரிக்கப்போவதில்லை, கடலூர்க்காரர்களுக்குத் தெரியும். பின்கட்டு ஆஸ்பெஸ்டாஸ் பறந்து, என் அழுத்துப்பெட்டிமேல் தண்ணீர் கொட்டியது. அப்பா, "உசுரு முக்கியமா பூ முக்கியமா, உள்ள வாடி" என்று கத்திக்கொண்டிருக்க, நான் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் நனைந்த தாளை எடுத்துவிட்டுக் காய்ந்த தாளில் பூக்களை மாற்றினேன். மெழுகுவர்த்தி இரண்டு தடவை அணைந்தது. வெள்ளை மேலேயும் சிவப்பு கீழேயும் இருக்கும்படி பார்த்துத்தான் வைத்தேன், அல்லது அப்படி நினைத்துக்கொண்டேன்.

பொழுது விடிந்தபோது வாசலில் அரளி இரண்டும் வேரோடு சாய்ந்து கிடந்தன. ஒரு மொட்டுக்கூட மிச்சமில்லை. கரண்ட் இல்லை, தண்ணீர் இல்லை. காடாம்புலியூர்த் தோப்பில் முந்திரி மரங்கள் வரிசையாகப் படுத்துவிட்டன என்று பெரியப்பா ஆள் விட்டுச் சொல்லியனுப்பினார். அப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்து ஒரு மூலையில் உட்கார்ந்துகொண்டார். இனிமேல் இந்தப் பேச்சைக் கொஞ்ச நாள் தள்ளிப்போடுவார் என்று நினைத்தேன். அவரோ அதற்கு நேர்மாறாகப் பிடித்துக்கொண்டார். "சாமிகிட்ட ஒரு காரியத்தைச் சொல்லிட்டு நிறுத்தி வச்சிருக்கோம், அதான் இப்படி. செவ்வாக்கெழம போறோம்."

"பூவுக்கு எங்க போறதுப்பா?" என்றேன் நான்தான் முந்திக்கொண்டு. அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"ஏன், இவ பொட்டில இருக்குதே. நம்ப வூட்டுச் செடில பூத்ததுதானே? காஞ்சுபோனா வேற பூவாயிடுமா?" என்றாள் அம்மா.

பூவை நசுக்குவது பாவம் என்று சொல்லிக்கொண்டே இருந்தவள்! நான் பெட்டியைத் திறந்தேன். ஈரத்தில் ஊறி, அரைகுறையாய்க் காய்ந்து, வெள்ளையும் சிவப்பும் ஒரே பழுப்பாகிக் கிடந்தன. "ம்மா, ரெண்டும் ஒரே கலரா இருக்கு. பிரிச்சா எப்படித் தெரியும்?" என்றேன்.

"எது எந்தத் தாள்ல இருக்குது?"

"மேல வெள்ளை, கீழ செவப்பு."

"அது போதும். கட்டுறவளுக்குத் தெரிஞ்சா சரி. நீ வெளிய போ."

கட்டுகிறவர் தவிர யாரும் பார்க்கக்கூடாது என்பதும் வழக்கம்தான். நான் வெளியே வந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை கோயிலுக்குப் போனோம். கோயில் வேப்பமரம் சாய்ந்து மதிலை உடைத்துக்கொண்டு கிடந்தது. வாசலில் இருந்த அடிபம்பில் தண்ணீருக்குப் பெரிய கூட்டம். பூசாரி சூலத்தில் புது எலுமிச்சம்பழம் குத்தி, சூடம் ஏற்றினார். அம்மா இரண்டு பொட்டலங்களை அம்மன் காலடியில் போட்டாள்.  

குடத்தோடு நின்ற ஒரு பெண்ணைப் பூசாரி கூப்பிட்டார். அவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டு, பம்பில் தன் முறை போய்விடும் என்று ஓடினாள். தங்கச்சி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விரல் நுனியெல்லாம் வெளுத்திருந்தது. பூசாரி பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே பழுப்பு நிறத்தில் ஒரு அரளி.

"வெள்ளை!" என்றாள் அம்மா உடனே.

பூசாரி பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்பா அம்மாவைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் பஸ்ஸில் பார்த்திருக்கிறேன்.

"எப்படிச் சொல்றே?"

"நான்தானே கட்டினேன்?"

"பொட்டலம் ரெண்டும் ஒண்ணுபோலத்தானே இருக்குது. எந்தப் பொட்டலத்தை எடுத்தாங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்? அடையாளம் வச்சியா?"

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.  "பாத்தாலே தெரியுதுங்க" என்றாள். அப்பா என் பக்கம் திரும்பினார்.

"நீதானே படிச்சவ. நீ சொல்லு."

பூ என் உள்ளங்கைக்கு வந்தது. சிவப்பு அரளிக்குப் புல்லி கொஞ்சம் சிவப்போடி இருக்கும், வெள்ளைக்குப் பச்சையாக இருக்கும். அதை நான்தான் பிளேடால் நறுக்கித் தூக்கிப் போட்டிருந்தேன். மிச்சம் இருந்தது ஐந்து பழுப்பு இதழ்கள். தங்கச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெள்ளை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்தான், வாய் வரை வந்தும்விட்டது. அதற்குள் அப்பாவுக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"எலுமிச்சம்பழம்! அன்னிக்குப் பிழிஞ்சு காட்டினியே. செவப்புன்னா ரோசாக் கலர் வரும், வெள்ளைன்னா வராதுன்னு. பூசாரி, அந்தப் பழத்தை எடுங்க."

"சாமி முன்னாடி சோதனையா? வேணாங்க, தெய்வக் குத்தம்" என்று அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிகிற பிடி. அப்போது எனக்கு அதற்கு அர்த்தம் தெரியவில்லை. 

"பிழி" என்றார் அப்பா.

பூசாரி சூலத்திலிருந்து பழத்தை எடுத்து அரிந்து கொடுத்தார். நான் பூவைத் தட்டின்மேல் வைத்துப் பிழிந்தேன். சாறு பட்டு இதழ் நனைந்தது. ஒன்றும் ஆகவில்லை. அம்மாவின் மூச்சு என் தோளில் பட்டுக்கொண்டிருந்தது. பம்படியில் யாரோ யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்கள். இன்னும் ஒன்றும் ஆகவில்லை. தங்கச்சியின் முகத்தில் ரத்தம் ஓடத் தொடங்கியது, நானே தலையைத் தூக்கி அவளைப் பார்த்துச் சிரிக்கப் போனேன். அப்போது ஒரு இதழின் ஓரத்தில் லேசாக நிறம் கண்டது. பிறகு அடுத்த இதழில். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பூ முழுக்க ரோஸ் ஆகிவிட்டது.

"அது எப்படி? ரெண்டும் வெள்ளைதானே வச்சேன்!"

சொன்னது அம்மா. சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. சட்டென்று தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பூசாரி சாமியைப் பார்த்தார். தங்கச்சி கண்ணை மூடிக்கொண்டாள்.  அப்பா குனிந்து, பிரிக்கக்கூடாத அந்த இன்னொரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். அதிலிருந்த பூவைத் தட்டில் வைத்து என் பக்கம் நகர்த்தினார். நான் மிச்சமிருந்த பாதிப் பழத்தையும் பிழிந்தேன். காத்திருந்தோம். எவ்வளவு காத்திருந்தும் அந்தப் பூ பழுப்பாகவே இருந்தது. அது வெள்ளை.

அம்மா மேல் தாளிலிருந்தே இரண்டு பூக்களை எடுத்திருக்கிறாள், எது வந்தாலும் வெள்ளையாக இருக்கட்டும் என்று. அடுத்த பொட்டலத்தையும் பிரித்துப் பார்ப்பார் என்ற பயத்தில்தான் என் மணிக்கட்டைப் பிடித்திருக்கிறாள். மெழுகுவர்த்தி அணைந்த இருட்டில் நான் தாள் மாற்றியபோது சிவப்பு ஒன்று மேலே வந்துவிட்டிருக்கிறது.

"ஒண்ணு வெள்ளை, ஒண்ணு செவப்பு. இருக்க வேண்டியது மாதிரியேதான் இருந்திருக்குது" என்றார் அப்பா. "நீ ஏமாத்தப் பாத்தும் ஆத்தா ஏமாறல."

 அம்மன் வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது, அதுவும் இத்தனை தடையைத் தாண்டி. தங்கச்சி அழவில்லை. அம்மாவின் கையைப் பிடித்து, "எந்திரிம்மா, போலாம்" என்று தூக்கினாள். எனக்கு அந்த எலுமிச்சம்பழத்தின்மேல், அரளிமேல், அப்பாமேல், எல்லாவற்றின்மேலும் ஆத்திரமாக வந்தது. போகிற போக்கில் தட்டிலிருந்த இரண்டு பூக்களையும் எடுத்துக் கைக்குட்டையில் மடித்துக்கொண்டேன். எந்தப் பூவையும் விட்டுவிட்டு வரத் தெரியாத கை.

தெருவெல்லாம் விழுந்த மரங்கள். தாண்டியும் குனிந்தும்தான் வரவேண்டியிருந்தது. அப்பா முன்னால் தனியாக நடந்தார். அம்மா தங்கச்சியைப் பிடித்துக்கொண்டு வந்தாள், யாருக்கு யார் துணை என்றே தெரியவில்லை. வீட்டு வாசலுக்கு வந்ததும் அப்பா உள்ளே போகவில்லை. சாய்ந்து கிடந்த அரளியைத் தூக்கி நிறுத்தப் பார்த்தார். அது நிற்கவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டார்:

"குளிக்காம பூவத் தொடமாட்டே. சாமி பேருல பொய் சொன்னா வம்சம் அழுகும்னு இதுங்களச் சொல்லி வளத்தே. நீயா பண்ணே?"

"ஆமா, நான்தான்" என்றாள் அம்மா. பயந்து பேசுவாள் என்று நினைத்தேன், அவள் குரலில் பயமே இல்லை. "ஆத்தா என்னை என்னா வேணா செய்யட்டும். நாக்கு அழுகட்டும், கண்ணு போகட்டும். இது மொகத்தப் பாருங்க. சோறு எறங்கி எவ்ளோ நாளாச்சு? இத இப்படிப் பாத்துக்கிட்டு இருக்கறதுக்கு அந்தத் தண்டனையே பரவால்ல."

அப்பா செடியைப் பிடித்தபடியே நின்றார். நாங்கள் மூன்று பேரும் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றோம். எதிர்வீட்டில் ஓட்டுச் சில்லுகளைக் கூடையில் அள்ளிக் கொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. இவர் திரும்பினால் அண்ணாகிராமம் என்றுதான் சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

அவர் திரும்பி அம்மாவைப் பார்க்கவில்லை. தங்கச்சியைப் பார்த்தார்.

"அந்தப் பையன் வூடு ஓடா, மாடியா?"

தங்கச்சிக்குப் புரியவில்லை. "ஓட்டு வூடுதான்ப்பா."

"சிதம்பரத்துலயும் காத்து ஜாஸ்தின்னாங்களே. கூரை இருக்குதா, போயிடுச்சா? கேட்டியா?"

"போன் கெடைக்கலப்பா" என்றாள். புயல் அடித்த நாளிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை அத்தனையும் அப்போதுதான் வந்தது.

"பஸ் விட்டதும் போய்ப் பாத்துட்டு வா. அப்படியே அவுங்கப்பாவ ஒரு தடவ வந்துட்டுப் போகச் சொல்லு." செடியைக் கீழே விட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார். "ஆத்தாவையே எதுத்துக்கிட்டு ஒருத்தி நிக்கிறா. நான் யாரு?"

2012 ஆவணியில் கல்யாணம் நடந்தது, முதல் நாள் சிதம்பரத்தில் அவர்கள் சர்ச்சில், மறுநாள் எங்கள் வீட்டில். காடாம்புலியூரிலிருந்து பெரியப்பா முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு வந்து, பந்தியில் இரண்டாம் தடவை பாயசம் கேட்டார். அம்மா கல்யாணத்துக்கு முன்னால் வெள்ளிக்கிழமைதோறும் ஈரப்புடவையோடு கோயிலைச் சுற்றினாள், கல்யாணத்துக்குப் பின்னாலும் சுற்றுகிறாள். அவள் நாக்குக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லை.

அந்த இரண்டு அரளிப் பூக்களையும் நான் முறையாகக் காயவைத்தேன். தினமும் தாள் மாற்றி, செருப்புக்கடைப் பொட்டலங்களோடு டின்னில் வைத்து, நன்றாக முறுகியதும் வெள்ளை அட்டையில் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டினேன். கண்ணாடி போட்டு, ஈரம் ஏறாதபடி நாலு ஓரமும் டேப் ஒட்டினேன். வெயில் படாத சுவர் வேண்டும் என்றேன். தங்கச்சிக்குக் கல்யாணப் பரிசாகக் கொடுக்கலாம் என்றிருந்தேன், அப்பா கொடுக்க விடவில்லை. கூடத்தில் அம்மன் படத்துக்குக் கீழே அவரே ஆணி அடித்து மாட்டினார். ஒன்று பழுப்பு, ஒன்று ரோஸ். எலுமிச்சை ஏறிய நிறம் இன்னும் மங்கவில்லை.

வருகிறவர்கள் இது என்ன பூ என்று கேட்பார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொள்வார். சமையல்கட்டில் அம்மாவுக்குக் கேட்கும்படி, கொஞ்சம் சத்தமாகவே சொல்வார்:

"என் சர்வீஸ்லயே டிக்கெட் இல்லாம ஏறின ஆளப் புடிச்சும், எறக்கி விடாம விட்டது அந்த ஒரு தடவதான்."